கூடத்தில் மூன்று பேர்

மறுபடியும் அந்த விசில் வந்தபோது சிவசைலம் ரிமோட்டை எடுத்துக் கூடத்து டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்தான். சமையலறையில் மனைவியின் போனிலிருந்துதான் வந்தது. முதலில் லிஃப்ட் கதவு சாத்திக்கொள்ளும் ஓசை, பிறகு மூச்சு இழுக்கும் அளவுக்கு ஒரு மௌனம், பிறகு விசில்; யாரோ படியிறங்கிப் போய்க்கொண்டே அடிப்பதுபோலத் தேய்ந்து தேய்ந்து முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். டிவியில் அவன் பார்ப்பதும் போனில் அரசி பார்ப்பதும் ஒரே மேட்ச்தான், ஒரே செயலி, ஒரே சந்தா. ஓவர் முடிந்து விளம்பரம் விழும்போது மட்டும் வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். இங்கே கூடத்தில் இப்போது ஒரு குடும்பம் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, சத்தத்தைக் குறைத்துவிட்டதால் வாயை மட்டும் திறந்து திறந்து சிரித்தது. அங்கே லிஃப்ட். இப்படிப் பிரித்து அனுப்புவதுதான் அவனுடைய வேலை. விளம்பரக் கம்பெனியில் எந்த விளம்பரம் எந்தக் கண்ணுக்குப் போகவேண்டும் என்று திட்டம் போடுகிறவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டரை மணித் தொடரின் நடுவில் ஓர் இடம் பிடித்துவிட்டால் ஊர் மொத்தமும் பார்த்துவிட்டது என்று அர்த்தம். இப்போது ஊர் மொத்தம் என்று ஒன்று எங்கேயும் உட்கார்ந்திருப்பதில்லை. அறை அறையாக, கை கையாகச் சிதறிவிட்டது. ஒவ்வொருவர் பின்னாலும் தனித்தனியாக ஓடவேண்டியிருக்கிறது. அந்த லிஃப்ட் படத்தையும் ஓடவிட்டது அவன்தான். ஆண்களுக்கான ஒரு சென்ட். அதற்கு இரண்டு படம் எடுத்தார்கள். ஒன்று மனைவிமாருக்கு: கல்யாணத்துக்குக் கிளம்பும் கணவனின் காலரில் அவள் தெளித்துவிடுவாள், பின்னணியில் வீணை. இன்னொன்றில் ஆண் வரவே மாட்டான். ஒருத்தி லிஃப்டுக்குள் நுழைவாள். யாரோ சற்றுமுன் இறங்கிப் போயிருக்கிறான். அவள் கண்ணை மூடி மூச்சை இழுப்பாள், அவ்வளவுதான், விசில். அது யாருக்கென்று அலுவலகத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: புதுசாக ஒருவன்மேல் மனசு போனவர்களுக்கு. அரசிக்கு நாற்பத்தாறு வயது. மகள் புனேயில் மேற்படிப்புப் படிக்கிறாள். அவளுக்கு வீணை அல்லவா வந்திருக்கவேண்டும்.

முதல் தடவை தவறிப்போய் வந்ததென்று விட்டுவிட்டான். தவறும். நூறு பேருக்கு அனுப்பினால் முப்பது பேருக்காவது சம்பந்தமில்லாமல் போகும், அதை அவனே வாடிக்கையாளர்களுக்குச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான், பிரம்மச்சாரிக்கு டயப்பர் விளம்பரம் போகத்தான் செய்யும் சார் என்று. இரண்டாவது தடவை வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். இது எத்தனையாவது என்று இப்போது எண்ணுவதை விட்டுவிட்டான். ஒரு படம் ஒரே போனுக்குத் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் அந்தப் போனைப் பற்றி விளம்பரங்களைப் பிரித்தனுப்பும் எந்திரம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது என்று பொருள். என்ன முடிவு? அந்தச் சென்டுக்கு முதலில் போட்ட திட்டம் அவனுக்கு நினைவிருந்தது. ஆண்களுக்குப் பரிசுப்பொருள் தேடிப் பார்த்த பெண்களுக்கு அனுப்புவது. வாட்ச், பர்ஸ், சட்டைத்துணி. அப்படியானால் அரசி தேடியிருக்கிறாள். யாருக்கு? அவனுடைய பிறந்தநாள் புரட்டாசியில், இது சித்திரை. அவளுக்குத் தம்பி உண்டு, அவனுக்கு இவள் வாங்கித்தருவது வழக்கமில்லை, பணமாகக் கொடுத்துவிடுவாள். ஒரு வாட்ச். தோல் பட்டை வைத்தது. வெள்ளை டயல். அவள் விரல் கண்ணாடித் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பது தெரிந்தது. மாங்காய்ப் பால் பட்ட விரல், அந்த வாசனைகூட இங்கே வந்தது. அது நிஜமாகவே வந்தது, அவள் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி பலகையில் இறங்கும் சத்தம் கேட்டது. அந்த வாட்ச் ஒரு மணிக்கட்டில் ஏறியது. மணிக்கட்டில் முடி அடர்ந்து, காலையில் ஷட்டில் ஆடிவிட்டு வந்த வேர்வையோடு.

"அய்யோ, போச்சு!" என்று அரசி கத்தினாள்.

கூடத்தில் பந்து வீசுகிறவன் அப்போதுதான் ஓடிவரத் திரும்பி நடந்துகொண்டிருந்தான். எப்போதும் இப்படித்தான். ஒரே ஆட்டம் அவள் போனுக்கு முன்னால் போய்விடுகிறது, டிவிக்கு அரை நிமிடம் கழித்துத்தான் வருகிறது. ஏனென்று அவனுக்குத் தெரியும், கேட்டால் பத்து நிமிடம் விளக்கவும் முடியும். விளக்கம் தெரிந்திருப்பதால் அந்த அரை நிமிடம் குறைந்துவிடுவதில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டையாளன் கையுறையை இறுக்கினான், ஆகாயத்தைப் பார்த்தான், காலால் மண்ணைத் தேய்த்தான், தனக்கு என்ன ஆகப்போகிறதென்று தெரியாமல் எவ்வளவு நிதானமாக நிற்கிறான். சமையலறையில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அங்கே சிரிப்பே ஆரம்பித்துவிட்டது. சிரித்தது அரசி மட்டுமில்லை. குடியிருப்பில் அவளோடு தினமும் காலையில் ஷட்டில் ஆடும் கூட்டம் மேட்ச் நாட்களில் போனில் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள், அவரவர் வீட்டில் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு கனத்த ஆண்குரல், நான்காவது மாடி வில்ஃப்ரெட். வங்கியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்துக்குப் பின்னால் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து கோடு போட்டு வலை கட்டினவர். சிவசைலம் ஒரு காலையில் லிஃப்டில் ஏறியபோது உள்ளே ஒருவரும் இல்லை, ஆனால் வில்ஃப்ரெட் இறங்கிப்போயிருக்கிறார் என்று தெரிந்தது. சந்தன சோப்பும் வேர்வையும் கலந்த ஒரு நெடி. அப்போது அதை ஒன்றுமாக நினைக்கவில்லை. இப்போது நினைத்தான். தினமும் ஷட்டில் முடிந்து காலை ஆறரைக்கு அரசியும் அதே லிஃப்டில்தான் ஏறி வருகிறாள். ஏறியதும் என்ன செய்வாள்? மாடி எண்ணை அழுத்துவாள். துண்டால் கழுத்தைத் துடைப்பாள். அப்புறம்? கதவு சாத்திக்கொண்ட பிறகு ஒருத்தி என்ன செய்கிறாள் என்று யாருக்குத் தெரியும், எந்த எந்திரத்துக்குத் தெரியும்.

டிவியில் பந்து மட்டையாளன் காலில் பட்டது, அம்பயர் விரலைத் தூக்கினார். அரசி ஒரு கிண்ணத்தில் மாங்காய்ப் பத்தைகளில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"என்னங்க, சத்தமே இல்லாம பாக்கறீங்க?"

"விளம்பரத்துக்குக் கொறச்சேன், அப்படியே விட்டுட்டேன்."

"உங்களுக்கு அதுதானே மேட்ச்சு. பந்து போடறப்பத்தான் நீங்க பாத்ரூம் போவீங்க."

அவன் ஒரு பத்தையை எடுத்துக் கடித்தான். புளிப்பில் கண் சுருங்கியது. "அங்க என்ன அவ்ளோ சிரிப்பு?"

"வில்ஃப்ரெட் அண்ணாதான். அம்பயர அவரு சர்ச்சுல நடக்கிற கண் கேம்ப்புக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாரு. கண்ணாடி இலவசமாம்." சொல்லும்போதே அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

அண்ணா. நேற்று அப்படிச் சொல்லவில்லை. நேற்று பால்கனியில் நின்று மகளோடு பேசும்போது, "வில்ஃப்ரெட் சொன்னாரு, முட்டிக்கு ஐஸ் வைக்கணும்னு" என்றாள், பேருக்குப் பின்னால் ஒன்றும் ஒட்டவில்லை. மகளிடம் வெறும் வில்ஃப்ரெட், கணவனிடம் வில்ஃப்ரெட் அண்ணா. யாருக்கு எந்தப் படத்தை அனுப்புவது என்று அவளும் பிரித்து வைத்திருக்கிறாள்போல.

"இங்கயே உக்காந்து பாரேன்," என்றான்.

"மாங்காய யாரு வெட்டறது?"

"இங்க கொண்டுவந்து வெட்டு."

"வேணாங்க." அவள் டிவியை ஒருமுறை பார்த்தாள். வெளியேறிய மட்டையாளன் தலையைக் குனிந்து நடந்துகொண்டிருந்தான். "உங்க டிவி பின்னாடி வருது. அழுது முடிச்சதுக்கு மறுபடி அழணும்."

போய்விட்டாள். கிண்ணத்தை விட்டுவிட்டுப் போனாள். உங்க டிவி என்றாள். வாங்கும்போது இருவரும்தான் போய்ப் பார்த்தார்கள், இது ரொம்பப் பெரிசுங்க, சுவரையே முழுங்கிடும் என்று கடையில் வாதாடியது அவள்தான். எப்போது அது அவனுடைய டிவி ஆயிற்று. எப்போது அவள் இந்தச் சோபாவிலிருந்து எழுந்து போனாள். அவன் அதை யோசிக்க ஆரம்பித்தான், பிடி கிடைக்கவில்லை. ஒரு நிகழ்ச்சியில் எந்த நிமிடத்தில் ஆட்கள் எழுந்து போகிறார்கள், எந்தப் பாட்டுக்கு, எந்தச் சண்டைக்குத் திரும்பி வருகிறார்கள் என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். அவள் போன நிமிடம் தெரியவில்லை. மகள் புனேக்குப் போன பிறகா, அதற்கு முன்பேயா. சேர்ந்து தொடர் பார்த்த காலம் ஒன்று இருந்தது. கதாநாயகி கதவைத் திறக்கக் கையை நீட்டும்போது, இப்ப விளம்பரம் விடுவான் பாரு என்பான். விடுவான். இந்தச் சோப்பு நம்ம ஏரியாவுக்கு மட்டும்தான் போடுறான், அண்ணா நகர்ல வேற ஓடும் என்பான். இந்த இடத்துக்கு என்ன விலை தெரியுமா என்பான். அவள் தலையாட்டுவாள். ஒருநாள், கதவுக்குப் பின்னாடி யாரு நிக்கறான்னு பாக்க விடுங்களேன் என்றாள், கோபமாகக்கூட இல்லை, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சுவதுபோல. அவன் சிரித்தான். அவன் சிரித்தது நினைவிருக்கிறது. கதவுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பது நினைவில்லை.

பரிசுப்பொருள். அவன் அதற்கே திரும்பிவந்தான், நாக்கு ஆடும் பல்லுக்குத் திரும்புவதுபோல. பரிசுப்பொருள் தேடியவர்கள். ஆனால் அந்தத் திட்டம் ஓடவேயில்லை. அதை அவன் இவ்வளவு நேரம் தள்ளித் தள்ளி வைத்திருந்தான், இப்போது அது தானாகவே முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பரிசு தேடியவர்களின் கூட்டத்துக்கு விலை அதிகம் கேட்டார்கள், வாடிக்கையாளர் முகம் சுளித்தார், எளிதான வேறு வழி சொல்லுங்கள் என்றார். மாநாட்டு அறையில் ஏசி காது மடலில் அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் பவித்ரன், அவன் இடத்துக்கு அடுத்து வரப்போகிறவன் என்று எல்லோரும் பேசிக்கொள்ளும் பவித்ரன், லேப்டாப்பைத் திருப்பி, "கூடத்து டிவி எல்லாம் வீணைன்னு வச்சுக்கலாம் சார், கல்யாணமான பொண்ணுங்க தனி போன்ல பார்த்தா என்ன பண்றது?" என்று கேட்டான். எல்லோரும் பவித்ரனைப் பார்த்தார்கள், நல்ல கேள்வி கேட்டவனைப் பார்ப்பதுபோல. அது தாங்காமல்தான் சிவசைலம் வாயைத் திறந்தான். "கூடத்துல புருஷன் இருக்கும்போது தனியா போன்ல பாக்கிறவ, கணக்குப்படி கல்யாணமானவ. மனசுப்படி அந்த வீட்டுல தனியாள். அவளுக்கு விசிலப் போடு." அறை முழுக்கச் சிரித்தது. வாடிக்கையாளர் மேசையைத் தட்டி, இதைத்தான் சார் நான் அனுபவம் என்கிறேன் என்றார். பவித்ரன் குனிந்து எழுதிக்கொண்டான். அன்று மாலை வீட்டுக்கு வரும்போது காரில் தனக்குத்தானே அந்த வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லிப்பார்த்தான். அது நன்றாக இருந்தது.

ஆக, வாட்ச் இல்லை. தோல் பட்டை இல்லை. அவள் எதையும் தேடவில்லை, யாருக்கும் எதையும் வாங்கவில்லை. எந்திரத்துக்கு வில்ஃப்ரெட்டைத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒருத்தி தனியாகப் பார்க்கிறாள் என்பது, அவன் சொல்லிக்கொடுத்ததால் தெரிந்தது. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தான். வரவில்லை. வாட்ச் இருந்திருந்தால் ஒருநாள் அலமாரியில் கிடைத்திருக்கும், கையில் எடுத்து இது யாருக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்கு இப்போது ஒன்றுமே இல்லை. டிவியில் குழந்தைகளுக்கான சத்துமாவு விளம்பரம் வந்தது, பிறகு மறுபடி சாம்பார். கூடத்து டிவியை எந்திரம் குடும்பம் என்று எடுத்துக்கொள்ளும். மேட்ச் நேரத்தில் ஒரு கூடத்து டிவி ஓடினால் அதன் முன்னால் மூன்று பேர் என்று வைத்துக்கொண்டு விளம்பரக்காரரிடம் காசு வாங்குவது வழக்கம், அந்தக் கணக்கையும் அவன் எத்தனையோ பேரிடம் விற்றிருக்கிறான். இந்த நிமிடம், இந்தக் கூடத்தில், மூன்று பேர் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையை நீட்டிச் சோபாவின் மறுபக்கத்தைத் தொட்டான். துணி சில்லென்று இருந்தது.

அரசி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. "மூட்டமா இருக்கு, மொட்டமாடில துணி கெடக்குங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். கதவு திறந்து சாத்திக்கொண்டது. போன் உள்ளேயே பேசிக்கொண்டிருந்தது.

எழுந்திருக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, எழுந்து நடந்துகொண்டிருந்தான். சமையலறையில் மாங்காய் நெடி மூக்கில் ஏறியது. பலகையில் பாதி வெட்டிய மாங்காய், விதை பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. ஊறுகாய் ஜாடியில் போன் சாய்ந்து நின்றது. அவ்வளவு சின்னத் திரையில் ஆட்டக்காரர்கள் எறும்புபோல ஓடினார்கள், பந்து தெரியவேயில்லை, அவள் எதைப் பார்க்கிறாள். அதை எடுக்கலாம். தட்டிப் பார்க்கலாம். குறுஞ்செய்திகள் இருக்கும். அவளுடைய பூட்டு மகளின் பிறந்தநாள்தான், மாற்றியிருக்க மாட்டாள், மாற்றியிருந்தால்? கையை நீட்டாமல் நின்றான். மாற்றியிருந்தால் என்ற அந்த ஒன்றுக்காகவே நீட்டவில்லை. ஓவர் முடிந்தது. லிஃப்ட் கதவு சாத்திக்கொண்டது.

அவன் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான், அலுவலகத்தில், பெரிய திரையில், இடையில் நிறுத்தி நிறுத்தி. நின்றபடி, ஒரு சமையலறையில், பார்த்ததில்லை. அந்தப் பெண் கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். அவள் தோள் சற்று இறங்கியது, ஒரு பையைக் கீழே வைப்பதுபோல. அவளுக்கு யாரும் பக்கத்தில் இல்லை, அவளிடம் யாரும் எதையும் விளக்கவில்லை.

"அரசி, லிஃப்ட் வந்திருச்சா உனக்கு?" வில்ஃப்ரெட்டின் குரல் போனிலிருந்து வந்தது. சிவசைலம் ஓரடி பின்னால் போனான். "எனக்குப் பாரு, இப்பவும் ஜட்டிதான் காட்டறான். என்னையப் பத்தி என்ன நெனச்சிட்டிருக்கான்னு தெரியல."

யாரோ ஒரு பெண் சிரித்தாள். "விடுங்க அண்ணா. எங்களுக்கெல்லாம் பாத்திரம் வெளக்கற சோப்பு. அவளுக்கு மட்டும் நல்ல படமா வருது."

"விசில் வந்தா அவ ஒரு வார்த்த பேசமாட்டா பாத்தியா. அரசி? இருக்கியாம்மா?"

"அப்பறம் பேசுவா, விடுங்க. படம் முடியட்டும்."

அவர்கள் காத்திருந்தார்கள். போனுக்குள் நாலைந்து வீடுகள் அந்த விசிலுக்காகச் சும்மா இருந்தன. அவனால் அதை நம்ப முடியவில்லை. விளம்பரம் ஓடும்போது யாரும் பேசாமல் இருப்பதை அவன் பார்த்ததே இல்லை. எழுந்து போவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், சத்தத்தைக் குறைப்பார்கள், அதற்கெல்லாம் கழித்துக் கழித்துத்தான் கணக்குப் போடுவான். இந்த ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது. யாருக்கு என்று குறிவைத்தானோ அவளிடமே. ஒவ்வொரு தடவையும் அவள் இதற்காக வாய் மூடி நிற்கிறாள், கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு. நிற்கிறாள் என்பது இவர்கள் எல்லோருக்கும் தெரியும். வில்ஃப்ரெட்டுக்குத் தெரியும். படம் முடியும்வரை அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தொண்டையில் மிளகாய்த்தூள் எரிந்தது. யார்மேல் இந்த எரிச்சல் என்று தேடினான். வில்ஃப்ரெட்மேல் இருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும். அந்த லிஃப்ட் பெண்மேல்தான் இருந்தது, ஒருவனும் வராத அந்த இடத்தில் அவள் அவ்வளவு நிறைவாக நின்றுகொண்டிருந்தாள்.

விசில் தேய்ந்தது. ஆட்டம் திரும்பி வந்தது. "அரசி போன வச்சிட்டு எங்கியோ போயிட்டா," என்றது பெண் குரல். திரையின் மூலையில் பேட்டரி சிவப்புக் கோடாக இருந்தது. சார்ஜர் ஒயர் ஜாடியைச் சுற்றிக்கொண்டு சுவருக்குப் போயிருந்தது, ஸ்விட்சின் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒயரைப் பிடுங்கினால் வந்ததும் பார்த்துவிடுவாள். அவன் ஸ்விட்சை மட்டும் அணைத்தான். விளக்கு போய்விட்டது. இருக்கிற சார்ஜில் இன்னும் இரண்டு மூன்று ஓவர் தாங்கும். அதற்குமேல் மேட்ச் பார்க்க இந்த வீட்டில் வேறொரு இடம்தான் உண்டு.

அவன் திரும்பிவந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினான். இங்கே அந்த ஓவரின் கடைசிப் பந்தை இப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அரசி மார்போடு அணைத்த துணிக்குவியலோடு உள்ளே வந்தாள். "வராதுங்க, சும்மா மூடிட்டு நிக்குது," என்று சொல்லிக்கொண்டே துணியை நாற்காலியில் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். எங்கம்மா போயிட்ட என்று போன் கேட்டது, மாடிக்கு என்றாள் அவள், கத்தி மறுபடி பலகையில் இறங்கத் தொடங்கியது. சிவசைலம் தன் பக்கத்தில் கிடந்த தலையணையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.